ரத்தத்தில் புற்றுசெல்லை எண்ணுவதா, ஸ்கேனோடு நிற்பதா?

என் மைனியின், அதாவது அண்ணன் மனைவியின், ரிப்போர்ட் இரண்டு பக்கம் இருந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்தது அதில் ஒரே ஒரு எண்ணைத்தான்: 6. 7.5 மில்லி ரத்தத்தில் 6 புற்றுசெல்கள். பக்கத்திலேயே, 5க்கு மேல் போனால் நல்லதில்லை என்கிற தோரணையில் ஒரு வரி. அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு தக்கலையில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு மணி நேரம் பேசினோம். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன் போனில் இருந்தான். "சித்தப்பா, அஞ்சுக்கு மேல போயிட்டே. மருந்த மாத்தச் சொல்லணுமா?" என்று நாலு தடவை கேட்டான்.

ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 4 வந்தது. அன்றைக்குப் பாயசம் வைக்காத குறைதான்.

எனக்கு அந்த 6 வந்தபோது பெரிய பயமும் வரவில்லை, 4 வந்தபோது பெரிய சந்தோஷமும் வரவில்லை. அரசு மருத்துவமனை லேபில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து செல் எண்ணியவன் நான். எண்ணிக்கை எப்போது பேசும், எப்போது உளறும் என்று கொஞ்சம் தெரியும். வீட்டில் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் போனதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பரவிவிட்ட புற்றுநோயோடு மருந்தில் இருப்பவர்களை எதை வைத்துக் கண்காணிப்பது? ரத்தத்தில் ஓடும் புற்றுசெல்லை எண்ணுவதா, ஸ்கேனா, மார்க்கரா (புற்று இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய புரதத்தின் அளவு), அல்லது ரத்தத்தில் புற்றின் டிஎன்ஏவைத் தேடுவதா? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு, நம் பைசாவுக்குள், எதைத் தேர்ந்தெடுப்பது?

மைனியின் கதை சுருக்கமாக. 2019இல் இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன், பிறகு நாலு வருடம் டமாக்ஸிஃபென் மாத்திரை. 2023 கடைசியில் இடுப்பு வலி என்று சொல்ல ஆரம்பித்தார். ரப்பர் தோட்டத்தில் வழுக்கியதுதான் காரணம் என்று நாங்களே முடிவு செய்து இரண்டு மாதம் தைலம் தேய்த்தோம். ஸ்கேனில் எலும்பில் சில இடங்கள், ஈரலில் இரண்டு இடங்கள். ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்: அதாவது ஹார்மோனை நம்பி வளரும் வகை, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லாதது. இப்போது ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோலும், செல் பெருகுவதைத் தடுக்கும் ரைபோசிக்லிப்பும் ஓடுகின்றன. ஆள் நன்றாக இருக்கிறார், மரச்சீனி பிடுங்கப் போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலேயே பிடித்து, சிகிச்சை முடித்து, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. மார்பகப் புற்றைப் பொறுத்தவரை அவர்களுக்கு வருடம் ஒரு மேமோகிராம், குறித்த இடைவெளியில் டாக்டரின் பரிசோதனை, அவ்வளவுதான். மார்க்கர், முழு உடம்பு ஸ்கேன் எல்லாம் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. "எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்துருவோம்" என்று யாராவது கிளப்பினால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இனி செல் எண்ணும் சோதனை. இதற்கு சிடிசி என்று பெயர். ரத்தத்தில் புற்றுசெல் ஓடுகிறது என்பது பழைய செய்தி. 1869இலேயே ஆஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயில் இறந்த ஒருவரின் ரத்தத்தில், அவருடைய கட்டியில் இருந்த அதே சாயல் செல்களைப் பார்த்து எழுதிவைத்தார். பார்ப்பது வேறு, எண்ணுவது வேறு. 7.5 மில்லி ரத்தத்தில் சிவப்பணு மட்டும் சுமார் 3,700 கோடி. வெள்ளையணு நாலைந்து கோடி. அதற்குள் ஆறைத் தேட வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் யாராவது இதைச் செய்யச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்திருப்பேன்.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்று மைனிக்கு விளக்கியபோது அவர் என்னைவிட நன்றாகச் சொன்னார். அவருடைய பிறந்த வீடு மணவாளக்குறிச்சி. "சின்னப் பிள்ளையில நாங்க கடக்கரையில காந்தம் வச்சு மண்ணுல இழுப்போம். கறுப்பு மண்ணு மட்டும் மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். அதுபோலையா?" அதேதான். அந்தக் கறுப்பு மண் இல்மனைட். அங்கே இருக்கும் அரிய மணல் ஆலையிலும் காந்தம் வைத்துத்தான் அதைப் பிரிக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் புற்றுசெல்லுக்குத் தானாகக் காந்த குணம் கிடையாது. அதனால் மிக நுண்ணிய இரும்புத் துகளில் ஒரு ஆன்டிபாடியை ஒட்டி ரத்தத்தில் விடுகிறார்கள். மார்பு, குடல், புராஸ்டேட் போன்ற உறுப்புகளின் உள்பூச்சு செல்களின் மேல் எப்கேம் என்ற புரதம் இருக்கும், ரத்தச் செல்லின் மேல் இருக்காது. ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், காந்தம் துகளை இழுக்கும், செல்லும் கூடவே வரும். பிறகு சாயம் ஏற்றி, இது வெள்ளையணு இல்லை என்று உறுதி செய்துவிட்டு எண்ணுவார்கள்.

மணவாளக்குறிச்சி மண்ணில் காந்தத்தில் ஒட்டாத சிர்கானும் உண்டு. எவ்வளவு இழுத்தாலும் அது கீழேயே கிடக்கும். இந்தச் சோதனையின் பெரிய ஓட்டையும் அதுதான். கட்டியை விட்டுக் கிளம்பி ரத்தத்தில் இறங்கும் செல்களில் சில, போகிற வழியிலேயே குணம் மாறி எப்கேமைக் கழற்றிப் போட்டுவிடும். அப்படிப்பட்டவை காந்தத்துக்குத் தப்பிவிடும், அவற்றில் சில நல்ல சண்டைக்கார செல்களாகவும் இருக்கும். ஆகவே ரிப்போர்ட்டில் 0 வந்தால், காந்தத்தில் ஒட்டியது எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம்.

மைனிக்கு முதல் சாம்பிள் எடுத்த அன்று நான் வீட்டில் இல்லை. இந்தச் சோதனைக்குத் தனி டியூப் வரும், செல் சிதையாமல் இருக்க உள்ளே மருந்து கலந்திருக்கும். அதை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. சாதாரண அறை வெப்பத்தில் 96 மணி நேரம் தாங்கும். எடுக்க வந்த பையன் வழக்கமான பழக்கத்தில் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலத்துக்கு நடுவே செருகிக் கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள், சாம்பிள் சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று போன். மைனிக்கு இடது பக்கம் ஆபரேஷன் ஆனதால் அந்தக் கையில் ஊசி குத்துவதில்லை. வலது கையில் கீமோ ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் காய்ந்த கயிறு. இரண்டாம் தடவை மூன்று இடத்தில் குத்தித்தான் ரத்தம் வந்தது. "இது எத்தன செல்லுன்னு எண்ணுகதுக்கா இம்புட்டு குத்து?" என்றார். நானே டியூபைத் துண்டில் சுற்றி, ஐஸ் இல்லாத டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். இன்னொன்று: ஊசி குத்தும்போது தோல் செல் ஒன்றிரண்டு உள்ளே வந்துவிடும், அதையும் சேர்த்து எண்ணிவிடும் ஆபத்து உண்டு. அதனால் முதலில் வரும் ரத்தத்தை வேறு டியூபில் வேறு சோதனைக்கு எடுத்துவிட்டு, இரண்டாவதாகத்தான் இந்த டியூபை நிரப்பச் சொல்ல வேண்டும்.

சரி, 6க்கும் 4க்கும் வருவோம்.

குளச்சலில் கரமடி வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு இழுப்பில் ஆறு சாளை வந்தது, அடுத்த இழுப்பில் நாலு வந்தது என்றால், கடலில் மீன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று எந்த மீனவராவது சொல்வாரா? 7.5 மில்லி என்பது நம் உடம்பில் ஓடும் நாலரை லிட்டரில் 600இல் ஒரு பங்கு. அதில் ஆறு எண்ணினால், கணக்குப்படி உண்மையான சராசரி 2இலிருந்து 13 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நாலு எண்ணினால் 1இலிருந்து 10 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. நாங்கள் பயந்ததும் பாயசம் வைக்கப் பார்த்ததும் ஒரே எண்ணுக்காகக்கூட இருக்கலாம். 60, 4 ஆனால் அது பேச்சு. 2, 40 ஆனால் அதுவும் பேச்சு. 5ஐ ஒட்டி மேலும் கீழும் ஆடுவதற்கு உணர்ச்சிவசப்படாதீர்கள்.

போதாததற்கு, எப்போது ரத்தம் எடுத்தோம் என்பதும் கணக்கில் வருகிறது. சுவிட்சர்லாந்தில் 30 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் பகலிலும் இரவிலும் ரத்தம் எடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். கிடைத்த புற்றுசெல்களில் முக்கால் பங்குக்கு மேல் தூங்கும் நேரத்து ரத்தத்தில் இருந்தன. நம் வீட்டுக்கு லேப் பையன் வருவது காலை பத்து மணிக்கு.

இவ்வளவு சொன்னதால் இது ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணிக்கைக்கு உண்மையிலேயே ஒரு பலம் உண்டு. 2004இல் பரவிய மார்பகப் புற்று உள்ள 177 பெண்களை வைத்து வெளிவந்த ஆய்வில், சிகிச்சை தொடங்கும் முன் 5 அல்லது அதற்கு மேல் செல் இருந்தவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்க எடுத்த நடுக்கணக்கு (பாதிப் பேருக்கு இதற்குள், பாதிப் பேருக்கு இதற்கு மேல்) 2.7 மாதம், குறைவாக இருந்தவர்களுக்கு 7 மாதம். அந்த வருடமே செல்சர்ச் என்ற கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு குடல், புராஸ்டேட் புற்றுகளுக்கும் கொடுத்தார்கள். குடலுக்கு எல்லைக்கோடு 3, மற்ற இரண்டுக்கும் 5. இந்த 5 என்பது அந்தக் கருவியின் 5. வடிகட்டி வைத்தோ, சில்லு வைத்தோ, வேறு ஆன்டிபாடி வைத்தோ எண்ணும் லேபுக்கு அதே எல்லைக்கோடு பொருந்த வேண்டும் என்று இல்லை. நம் நாட்டிலேயே உருவாக்கிய சோதனைகளும் இப்போது உண்டு. எடுப்பதானால், எந்த முறையில் எண்ணுகிறார்கள், அந்த முறைக்கென்று எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எங்களுக்கு பதில் வர நாலு நாள் ஆனது.

ஆக, எண்ணிக்கை கூடினால் நோய் கடுமை என்பது நிஜம். அடுத்து வர வேண்டிய கேள்வியை மைனியின் டாக்டர்தான் கேட்டார். ரிப்போர்ட்டைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "சரி, இதை வைத்து நான் எதை மாற்றணும்?" என்றார். அண்ணன் மகனுக்கு அது திமிர் பேச்சாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் 2014இல் வெளிவந்த ஒரு ஆய்வு.

ஸ்வாக் என்ற அமெரிக்கக் கூட்டமைப்பு நடத்தியது. பரவிய மார்பகப் புற்றுக்கு முதல் கீமோ தொடங்கும் 595 பெண்கள். முதலில் எண்ணினார்கள், ஒரு சுற்றுக் கீமோ முடிந்து 21ஆம் நாள் மறுபடி எண்ணினார்கள். அப்போதும் 5க்குக் கீழே இறங்காத 123 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அதே கீமோ. மறு பாதிக்கு, ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் உடனே வேறு கீமோ. நாம் ஆசைப்படுவது இதைத்தானே? மருந்து வேலை செய்யவில்லை என்று மூன்று வாரத்திலேயே கண்டுபிடித்து மாற்றிவிட வேண்டும். விடை கசப்பாக வந்தது. மாற்றாதவர்களின் நடு ஆயுள் 10.7 மாதம், மாற்றியவர்களுக்கு 12.5 மாதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். அதே ஆய்வில், ஆரம்பத்திலேயே 5க்குக் கீழே இருந்தவர்களின் நடு ஆயுள் 35 மாதம். 5க்கு மேல் இருந்து முதல் சுற்றில் இறங்கியவர்களுக்கு 23. இறங்காதவர்களுக்கு ஒரு வருடத்தை ஒட்டித்தான். சோதனை ஆட்களைச் சரியாகத்தான் பிரித்துக் காட்டியது, அதற்கப்புறம் கையில் கொடுக்க உருப்படியான மாற்று மருந்து இல்லை. ஒரு கீமோவுக்கு அடங்காத செல் அடுத்த கீமோவுக்கும் பெரும்பாலும் அடங்கவில்லை. இந்த மாதக் கணக்குகள் பழைய மருந்துக் காலத்தவை, அதுவும் கீமோ எடுத்தவர்களுடையவை. மைனி மாதிரி ரைபோசிக்லிப் எடுப்பவர்கள் இதைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

எண்ணிக்கைக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. 2021இல் வந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், ஹார்மோன் பாசிட்டிவ் நோயாளிகளுக்கு முதலில் ஹார்மோன் மருந்தா கீமோவா என்பதை டாக்டரின் கணிப்புக்கு விடாமல் செல் எண்ணிக்கைக்கு விட்டுப் பார்த்தார்கள். நோயைக் கட்டுக்குள் வைப்பதில் அது டாக்டரின் கணிப்புக்குச் சளைத்ததாக இல்லை. டாக்டர் அப்படியா இப்படியா என்று தராசில் நிற்கும்போது ஒரு எடைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். அது சிகிச்சை தொடங்கும் முன் ஒரு தடவை எடுக்க வேண்டியது, மாதா மாதம் எடுக்க வேண்டியதில்லை.

ரத்தத்தில் டிஎன்ஏ தேடுவதை இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். விளம்பரத்தில் இரண்டையும் சேர்த்து லிக்விட் பயாப்ஸி என்று போடுவதால் வரும் குழப்பம் அது. சிடிசி முழு செல். இது, செத்து உடைந்த புற்றுசெல் ரத்தத்தில் சிந்திய டிஎன்ஏ துணுக்கு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதி கரைந்து போகும், அதனால் அன்றைய நிலவரத்தையே காட்டும். 2013இல் 30 பெண்களிடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். டிஎன்ஏ 30இல் 29 பேரிடம் அகப்பட்டது, செல் 30இல் 26 பேரிடம், சிஏ 15-3 மார்க்கர் 27இல் 21 பேரிடம்.

டிஎன்ஏவின் பெருமை அந்த 29இல் இல்லை. அது எத்தனை என்பதோடு நிற்காமல் எது என்றும் சொல்கிறது. லெட்ரோசோல் மாதிரி மருந்தில் வெகுநாள் இருக்கும்போது சிலருக்குப் புற்றுசெல்லின் இஎஸ்ஆர்1 என்ற மரபணுவில் மாற்றம் வரும். வந்தால் அந்த மருந்து மெல்ல மெல்லத் தோற்கும். அப்படி மாறிய செல்லைக் குறிவைத்தே எலசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதற்கு நோயாளியைத் தேர்ந்தெடுப்பதே இந்த ரத்தச் சோதனையை வைத்துத்தான். பிஐகே3சிஏ என்ற இன்னொரு மரபணுவில் வரும் மாற்றத்துக்கும் தனி மருந்து இருக்கிறது. 2025இல் செரீனா-6 என்ற ஆய்வு இன்னும் ஒரு படி போனது. 315 பேர், ஸ்கேனில் நோய் வளரவில்லை, ஆனால் ரத்தத்தில் இஎஸ்ஆர்1 மாற்றம் தெரிந்துவிட்டது. அப்போதே லெட்ரோசோல் மாதிரி மருந்தை கேமிசெஸ்ட்ரன்ட் என்ற புது மாத்திரைக்கு மாற்றியவர்களுக்கு நோய் 16 மாதம் அடங்கி நின்றது, மாற்றாதவர்களுக்கு 9.2 மாதம். ஆயுள் கூடுமா என்பதற்கு அந்தக் கணக்கு அப்போது முதிரவில்லை. ஆனாலும் 2014ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஸ்கேனுக்கு முந்திக்கொண்டு ரத்தம் சொன்னது. ஒன்றில் அந்தச் செல்லுக்கென்றே செய்த மருந்து கையில் இருந்தது, மற்றதில் இல்லை.

விலைதான் கையைக் கடிக்கும். மார்க்கர் மாதிரி சில்லறைக் கணக்கில் முடிகிற விஷயம் இல்லை, மாற்றம் தெரிந்தபின் வரும் மாத்திரையின் விலை அதைவிட மேலே. அந்த மாத்திரையை எந்த வழியிலாவது வாங்க முடியுமா என்பதை முதலில் டாக்டரிடம் பேசிவிட்டு, பிறகு சோதனைக்குப் பணம் கட்டுங்கள்.

மார்க்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிஏ 15-3, சிஇஏ இரண்டும் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம், செலவும் தாங்கும். எல்லோருக்கும் அது ஏறுவதில்லை. முதலில் ஏறியிருந்தவர்களுக்கு மட்டும் தொடர்ந்து பார்ப்பதில் பலன் உண்டு. ஈரல் கோளாறிலும் ஏறும். புது மருந்து தொடங்கிய முதல் நாலு முதல் ஆறு வாரத்தில், மருந்து நன்றாக வேலை செய்யும்போதே, செல் செத்து உள்ளிருப்பதைக் கொட்டுவதால் ஏறிக் காட்டும். அந்த நேரத்தில் எடுத்து ஒரு குடும்பமே சாப்பிடாமல் இருந்ததை நான் லேபில் பார்த்திருக்கிறேன். தனியாக மார்க்கரை மட்டும் வைத்து யாரும் மருந்தை மாற்றுவதில்லை.

ஸ்கேனுக்கு வருகிறேன். அண்ணன் மகன் சிடிசிக்கு ஆசைப்பட்டதே இதைத் தவிர்க்கத்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. கதிர்வீச்சுள்ள சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு நாங்கள் திருவனந்தபுரம் போனோம். வெறும் வயிறு, அதனால் விடியற்காலை நாலரைக்கே வண்டி. மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது இருட்டு. களியக்காவிளை தாண்டி பாறசாலையில் எல்லோரும் சாயா குடித்தோம், மைனி தண்ணீர் பாட்டிலோடு வண்டிக்குள் இருந்தார். அங்கே போனால் சர்க்கரை அதிகம், கொஞ்சம் இறங்கட்டும் என்று உட்கார வைத்தார்கள். அந்த மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் சமாச்சாரம், அவர்களுக்கும் அவசரம். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் தனி அறை. அன்று சாயங்காலம் வரை பேத்தியைத் தூக்கக் கூடாது என்றதுதான் மைனிக்குப் பெரிய தண்டனை.

ஸ்கேனிலும் குறை உண்டு. கட்டி அளவில் 20 சதவீதம் கூடினால்தான் வளர்ச்சி, 30 சதவீதம் குறைந்தால்தான் குறைவு என்று ஒரு உலகப் பொதுக் கணக்கு இருக்கிறது, அதற்கு இடைப்பட்டதெல்லாம் "ஸ்டேபிள்". செல்கள் பெருகத் தொடங்கி ஸ்கேனில் கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். எலும்பு இன்னும் மோசம். மருந்து பிடித்து எலும்பு ஆறும்போது அந்த இடம் வெள்ளையாகத் தடித்துத் தெரியும், புதிதாகப் பரவியிருக்கிறது என்று பயமுறுத்தும். எலும்பில் மட்டும் நோய் இருந்து, ஸ்கேன் ஒன்றும் சொல்லாமல், மார்க்கரும் ஏறாத ஆளாக இருந்தால், சிடிசி எண்ணிக்கை துணைக்கு வரலாம் என்பது என் எண்ணம். எண் பத்துக்குள் ஆடுகிறதா, நூறைத் தாண்டிப் போகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்.

மைனிக்குக் கதிர்வீச்சுப் பயம் வேறு. சிடி ஸ்கேன் ஒன்றில் ஏறக்குறைய 10 மில்லிசீவர்ட் வரலாம். "எங்க ஊரு மண்ணுல இருந்தே ஏறியாச்சு, இனி இதுல வேறயா?" என்பார். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாதுவும் அதில் கதிர்வீசும் தோரியமும் இருப்பது உண்மை. இதே மாதிரி மணல் இருக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் எழுபதாயிரம் பேரைச் சராசரி பத்து வருடம் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்டார்கள். மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பிறந்த ஊரைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்றேன். ஸ்கேனின் கதிர்வீச்சு ஏதாவது செய்வதானால் பல வருடம் கழித்துச் செய்யும். ஈரலில் இருப்பதைப் பார்க்காமல் விடுவது அதற்குள் எவ்வளவோ செய்துவிடும்.

எங்கள் வீட்டில் முடிவானது இது. மூன்று நாலு மாதத்துக்கு ஒரு சிடி. பெட் ஸ்கேனை, சிடியில் சந்தேகம் வந்தால் மட்டும். ஈரலில் இருக்கும் இரண்டையும் சிடியிலேயே அளந்துவிட முடிகிறது, நாகர்கோவிலிலேயே முடிந்துவிடுகிறது, நாலரை மணி வண்டி தேவையில்லை. அதே இயந்திரம், முடிந்தால் பார்த்துச் சொல்பவரும் அதே ஆள். இடையில் சிஏ 15-3, மைனிக்கு ஆரம்பத்தில் அது ஏறியிருந்ததால். சிடிசியை நிறுத்திவிட்டோம். இரண்டு தடவை அதற்குக் கொடுத்த பணத்தில் ஒரு வருட சிடியை முடித்திருக்கலாம். நோய் வளர்கிறது என்று ஸ்கேன் சொல்லும் நாளில், டிஎன்ஏ சோதனைக்கென்று அண்ணன் மகன் தனியாகப் பணம் போட்டு வைக்கிறான். அப்போது அந்த விடை அடுத்த மருந்தைத் தீர்மானிக்கும்.

எல்லா வீட்டுக்கும் இதே முடிவு பொருந்தாது. கிட்னி சரியில்லாமல் சிடிக்கு மருந்து ஏற்ற முடியாதவர்கள், ஹார்மோனா கீமோவா என்று டாக்டரே யோசிப்பவர்கள், ஏதாவது ஆய்வில் சேர்ந்து சோதனையைக் காசில்லாமல் பெறுபவர்கள், இவர்களுக்கு எண்ணிக்கை பயன்படலாம். நுரையீரல் புற்று என்றால் டிஎன்ஏ சோதனைக்கு முதலிலேயே இடம் உண்டு, இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றத்துக்கு மாத்திரைகள் இருப்பதால். புராஸ்டேட்டுக்குப் பிஎஸ்ஏ என்ற மார்க்கரே பாதி வேலையைச் செய்துவிடும்.

அண்ணன் மகனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "சித்தப்பா, மூணு மாசம் ஒண்ணும் தெரியாம இருக்கணுமே" என்றான். மைனிதான் போனை வாங்கினார். "எனக்குத் தெரியாம இருக்கதுல ஒரு கொறையும் இல்ல மக்களே. ஒனக்குத்தான் இருப்புக் கொள்ளல்ல" என்று சொல்லிவிட்டு, மட்டிப்பழம் பழுத்துக் கிடக்கிறது, இந்த வாரமாவது ஊருக்கு வா என்று பேச்சை மாற்றினார்.

அடுத்த சிடி ஆடி கடைசி வாரம். பழைய ஸ்கேன் பதிந்த டிஸ்க்கையும் ஃபிலிமையும் மஞ்சள் பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் இப்போதே மாட்டிவிட்டேன். போன தடவை அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய், ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல், ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளிப்போனது.